மலையில் இழுக்காத குவாலிஸ்: பம்பில் இல்லாத கோளாறைத் தேடி ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே ஆள் ஏற்றி ஓடுவது. ஓடோமீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதுகளை வைத்துக் கணக்கிட்டால் 4 லட்சம் கி.மீ. தாண்டியிருக்கும். எஞ்சின் 2எல் குடும்பத்தைச் சேர்ந்தது: 4 சிலிண்டர், 92 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், 2446 சிசி, டர்போ கிடையாது, சுமார் 75 குதிரைத்திறன். டீசலை அழுத்திக் கொடுப்பது வி.இ. வகை ரோட்டரி பம்ப். காமன் ரெயில் (கணினி கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் முறை) காலத்துக்கு முந்தைய எஞ்சின் என்பதால் ஸ்கேனர் இங்கே உதவாது. கை, காது, மூன்று நான்கு கேஜ்கள், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் கருவிகள்.

ஓட்டுநர் சொன்ன குறை: "ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பிச்சா மூச்சு வாங்குதுண்ணே. எவ்வளவு மிதிச்சாலும் போகமாட்டேங்குது. புகைகூட வரல."

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியமான தடயம். அதற்குப் பிறகு வரலாம். முதலில் வண்டிக்கு அதுவரை நடந்த வைத்தியம்: ஏர் ஃபில்டர் புதிது. டீசல் ஃபில்டர் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நான்கு நாசிலும் புதிது. கடைசியாகப் பம்பையே கழற்றி, பெஞ்சில் (பம்பைத் தனியே ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடை) போட்டு, உள்சாமான் மாற்றி, காலிபரேஷன் தாளோடு திரும்ப மாட்டியிருக்கிறார்கள். தாளில் உள்ள அளவுகள் எல்லாம் சரி. ஆனால் பம்ப் மாட்டிய பிறகு வண்டி முன்னைவிட மோசம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பழைய டீசல் வண்டியில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுபவரிடம் விசாரிக்கும் கால் மணி நேரம் வீண் போகாது. இந்த வண்டியில் கிடைத்த பதில்கள் இவை.

இழுவை ஒரே நாளில் போகவில்லை, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பம்ப் வேலைக்குப் பிறகு ஒரே அடியாக மோசமானது. ஆக, மெதுவாக வளர்ந்த குறை ஒன்று, வேலையின்போது புகுந்த குறை ஒன்று என இரண்டு இருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலும் ஒரே காரணத்தைத் தேடுவதால்தான் ஆட்கள் தோற்கிறார்கள்.

மலையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் கொஞ்ச தூரம் நன்றாக ஏறும், பிறகு மறுபடி கட்டும். டேங்கில் டீசல் கால் பங்குக்குக் கீழே போனால் இன்னும் மோசம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீண்ட நேரம் சுற்ற வேண்டும், ஆனால் சூட்டில் பட்டென்று கிளம்பும்.

கடைசிப் பதிலை நிறுத்திப் பார்க்க வேண்டும். வி.இ. பம்பில் டீசலை அழுத்தும் பாகங்களான ஹெட்டும் பிளஞ்சரும் தேய்ந்திருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. டீசல் சூடேறி இளகும்போது தேய்ந்த பிளஞ்சர் வழியே கசிந்துவிடும். எனவே குளிரில் கிளம்பி, சூட்டில் கிளம்பாமல் அடம்பிடிக்கும். இந்த வண்டி சூட்டில் ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால், பம்பின் உயிர் போகவில்லை. பம்பைக் கழற்றுவதற்கு முன்பே யாராவது இதைக் கேட்டிருந்தால் பெரிய செலவு ஒன்று மிச்சம்.

காலை ஸ்டார்ட் சிரமத்துக்குக் குளோ பிளக்கும் (குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப உதவுவது) காரணமாகலாம். அதைப் பிரித்தறிய எளிய வழி: இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் டீசல் ஃபில்டர் தலையில் உள்ள கை பம்பை அழுத்த வேண்டும். இரண்டு மூன்று அழுத்தத்தில் கெட்டியானால் பைப் நிறைய டீசல் இருக்கிறது. இந்த வண்டியில் இருபது தடவைக்கு மேல் அழுத்திய பிறகே கெட்டியானது. அதன் பிறகு முதல் சுற்றிலேயே கிளம்பியது. அப்படியென்றால் குளோ பிளக் வேலை செய்கிறது. இரவில் எங்கோ காற்று நுழைந்து, பைப்பில் உள்ள டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது.

புகை சொல்வது

இழுவை இல்லாத டீசல் எஞ்சின் கரும்புகை விட்டால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. வெண்புகை விட்டால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது: டைமிங் தாமதம், கம்ப்ரஷன் குறைவு, குளிர்ந்த எஞ்சின். நீலப் புகை எஞ்சின் ஆயில். புகையே இல்லாமல் இழுவையும் இல்லை என்றால், உள்ளே போகும் டீசலே குறைவு. எரிக்க டீசல் இருந்தால்தானே புகை வரும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் ஏர் ஃபில்டர், நாசில், ரிங் என்று பாதிப் பட்டியல் பின்னுக்குப் போய்விடும்.

பின்னுக்குப் போகும் என்றால் பார்க்கவே வேண்டாம் என்று பொருள் அல்ல. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது. சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளிப் பார்த்தார்கள்: வண்டி தடையில்லாமல் உருண்டது. பத்து கி.மீ. ஓட்டியபின் நான்கு சக்கரத்திலும் கை வைத்தால் ஒரே மாதிரி சூடு. பிரேக் பிடித்து நிற்கவில்லை. நாலாவது கியரில் மேட்டில் மிதித்தபோது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் போகவில்லை; கிளட்ச் வழுக்கவில்லை. டேங்க் மூடியைத் தளர்த்தி விட்டு ஓட்டியும் மாற்றமில்லை. மூடியின் காற்றுத் துளை அடைபடவில்லை. சைலன்சர் முன்பைப்பின் இணைப்பைத் தளர்த்தி ஒரு மேடு ஏற்றிப் பார்த்ததில் காது கிழிந்ததுதான் மிச்சம்.

ஆக்சிலேட்டர் கேபிளில் மட்டும் ஒன்று அகப்பட்டது. எஞ்சினை அணைத்து, ஒருவர் பெடலை அடிவரை மிதித்திருக்க, இன்னொருவர் பம்ப் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் அதிகபட்ச வேக ஸ்க்ரூவைத் தொட வேண்டும். இங்கே 4 மி.மீ. இடைவெளி நின்றது. கேபிளை இழுத்துச் சரிசெய்தாயிற்று. ஆனால் இதுதான் காரணம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இந்தப் பம்பில் இருப்பது எல்லா வேகத்திலும் வேலை செய்யும் கவர்னர், அதாவது எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. லீவர் கொஞ்சம் குறைவாகத் திறந்தால் எஞ்சினின் உச்ச வேகம்தான் குறையும். மேட்டில் 2,000 சுற்றில் திணறும்போது கவர்னர் எப்படியும் முழு டீசலைத்தான் கேட்கும். நெடுஞ்சாலையில் 100ஐத் தொடாத குறைக்குக் கேபிள் காரணமாகலாம், மலையில் கட்டும் குறைக்கு ஆகாது.

உறிஞ்சும் பாதை

குவாலிஸில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் தனி ஃபீடு பம்ப் கிடையாது. டேங்குக்குள் வலைப்பை மாட்டிய குழாய், அங்கிருந்து ரப்பர் ஹோஸ், சேஸிஸ் ஓரமாக இரும்புப் பைப், மறுபடி ரப்பர் ஹோஸ், கை பம்ப் உள்ள ஃபில்டர், பிறகு டீசல் பம்ப். இத்தனை நீளத்தையும் பம்பின் உள்ளே இருக்கும் சின்ன வேன் பம்ப்தான் உறிஞ்ச வேண்டும். எஞ்சின் ஓடும்போது இந்தப் பாதை முழுவதும் வளிமண்டலத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். ஆகவே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் லீக் இல்லை, காய்ந்துதான் இருக்கு" என்ற பேச்சு இந்தப் பாதையைப் பொறுத்தவரை ஒன்றையும் நிரூபிக்காது.

முதலில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஓரடி நீளக் கண்ணாடி ஹோஸ் போடப்பட்டது. ஐடிலில் அவ்வப்போது ஒரு பெரிய குமிழி கடந்தது. 3,000 சுற்றுக்கு ஏற்றியதும் பொடிக்குமிழிகள் நுரையாகப் பெருகின. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. பெரிய குமிழி வெளியிலிருந்து நுழைந்த காற்று. பொடிநுரையில் ஒரு பகுதி டீசலிலேயே கரைந்திருந்த காற்று. உறிஞ்சல் அதிகமாகும்போது சோடா மூடியைத் திறந்த மாதிரி பிரிந்து வரும். அதாவது, நுரை தெரிந்தால் ஓட்டைதான் என்று முடிவுகட்டி ஹோஸ் கிளிப்பை எல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தால் உண்மையான குறையான அடைப்பு தப்பிவிடும்.

பெரிய குமிழியின் மூலத்தைப் பிடிக்க, பைப்பை டேங்க் பக்கம் கழற்றி அடைத்துவிட்டு, பம்ப் பக்க முனையிலிருந்து அரை பாருக்கு மிகாமல் காற்றழுத்தம் கொடுத்துச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் ஹோஸை நேராகச் செருகினால் ஃபில்டர் தலையின் ஓ-ரிங்கே பிய்ந்துவிடும், ரெகுலேட்டர் கட்டாயம். கை பம்பின் தண்டைச் சுற்றி மெல்லிய குமிழ் விட்டது. காலை ஸ்டார்ட் பிரச்சினைக்கு விடை இதுதான். மலையில் இழுக்காததற்கு இது போதாது. ஐடிலில் எப்போதாவது கடக்கும் ஒரு குமிழி 75 குதிரையைப் பாதியாக்காது.

அடுத்து வாக்குவம் கேஜ். கண்ணாடி ஹோஸின் இடத்தில் டி-இணைப்பு வைத்துக் கேஜ் மாட்டப்பட்டது. ஃபில்டர் புதிதாக, பாதை சுத்தமாக இருந்தால் ஐடிலில் ஊசி அசைவதே தெரியாது, உச்ச வேகத்தில் சில அங்குலப் பாதரசம் (உறிஞ்சலை அளக்கும் அலகு) காட்டும். இங்கே ஐடிலில் 3 அங்குலம், 3,500 சுற்றில் 15 அங்குலம். லோடு இல்லாமல் நிறுத்தி வைத்து ஏற்றும்போதே இவ்வளவு. கேஜ் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பதால் குற்றவாளி ஃபில்டராகவும் இருக்கலாம், அதற்கு முன்னால் உள்ள எதுவாகவும் இருக்கலாம். கேஜை ஃபில்டருக்கு முன்னால் மாற்றினார்கள்: 14. ஃபில்டர் ஒரு அங்குலம்தான் தடுக்கிறது. மீதி எல்லாம் ஃபில்டருக்கும் டேங்குக்கும் இடையே.

இதற்கு முன் ஃபில்டரை இரண்டு முறை மாற்றியவர்கள் இந்தக் கேஜை ஒரு முறை மாட்டியிருந்தால் போதும்.

ஹோஸின் உள்ளே

டேங்கின் ஃப்ளோட் தட்டைக் கழற்றி உறிஞ்சு குழாயைத் தூக்கியபோது வலைப்பையில் பழுப்பு நிறச் சேறு ஒட்டியிருந்தது. டேங்கை வடித்ததில் அடியில் தண்ணீரும் சேறுமாக இரண்டு டம்ளர். கால் டேங்குக்குக் கீழே மோசமானது, நிறுத்தி வைத்தால் தெளிந்தது ஆகியவற்றில் இதற்குப் பங்குண்டு: உறிஞ்சும்போது வலையில் அப்பும் சேறு, எஞ்சின் நின்றால் கொஞ்சம் உதிரும். டீசல் மட்டம் குறையும்போது பம்ப் உறிஞ்சித் தூக்க வேண்டிய உயரமும் கூடும்.

வலையைக் கழுவி மாட்டியதும் கேஜ் 14லிருந்து 11க்கு இறங்கியது. இன்னும் 11.

இரும்புப் பைப்பைத் தனியே கழற்றிக் காற்று விட்டதில் தடையில்லை. மிச்சம் இருந்தது இரண்டு ரப்பர் ஹோஸ்கள். டேங்க் பக்க ஹோஸ் வெடிப்பும் சுருக்கமுமாகக் கிழவன் மாதிரி தெரிந்தது. அதைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். ஆனால் அது திறந்துதான் இருந்தது. ஃபில்டர் பக்கத்து ஹோஸ் வெளியே வழவழவென்று நன்றாக இருந்தது, எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போயிற்று. எதிர்ப்பக்கம் உறிஞ்சினால் நடுவில் அடைத்தது.

பிளேடால் நீளவாக்கில் பிளந்ததும் விளங்கியது. உள்பூச்சு ரப்பர் நூல் அடுக்கிலிருந்து ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக டீசல் போகும்போது நாக்கு சுவரோடு ஒட்டியிருக்கும். உறிஞ்சல் கூடும்போது எழுந்து வழியை மறிக்கும். இன்னும் உறிஞ்சினால் இன்னும் இறுக மூடும். எஞ்சினை அணைத்தால் மறுபடி படுத்துவிடும். மலையில் கட்டுவதும் பத்து நிமிடத்தில் தெளிவதும் இதனால்தான். டீசலுக்கு ஏற்காத ரப்பர், தண்ணீர் ஹோஸ் அல்லது சாதாரணக் காற்று ஹோஸைப் போட்டால் நேர்வது இது. அளவு சரியாக இருக்கும், வெளித்தோற்றமும் சரியாக இருக்கும், உள்பூச்சு டீசலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். ஒரு ஹோஸைச் சோதிக்க ஊதினால் போதாது, டீசல் ஓடும் திசையில் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். வாயால் உறிஞ்சுவதற்குப் பதில் பிரேக் ப்ளீட் செய்யும் கை வாக்குவம் பம்ப் இருந்தால் நல்லது.

கேன் சோதனை கொடுத்த பாதிப் பதில்

புது ஹோஸ் போடுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல், பம்பின் உள்வழியையும் திரும்பு வழியையும் அந்தக் கேனோடு மட்டும் இணைத்து, டேங்க், பைப், ஃபில்டர் எதுவும் இல்லாமல் ஓட்டுவது. கேன் சைலன்சர் சூட்டுக்குத் தள்ளி, கவிழாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும்; ஃபில்டர் இல்லாததால் தூசி விழாத டீசல் வேண்டும். உறிஞ்சும் பாதை மட்டுமே குறை என்றால் வண்டி இப்போது புதுவண்டி மாதிரி இழுக்க வேண்டும்.

இழுத்தது, ஆனால் மந்தமாக. மிதித்தால் தயங்கி, பிறகுதான் எழும்பியது. இதுவரை இல்லாத சாம்பல் கலந்த வெண்புகை இப்போது மேட்டில் தெரிந்தது. டீசல் கிடைக்காதபோது மறைந்திருந்த இரண்டாவது குறை, டீசல் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது. டீசல் போகிறது, ஆனால் தாமதமாகப் போகிறது. பம்ப் வேலைக்குப் பிறகு ஒரே அடியாக மோசமானது என்ற ஓட்டுநர் பேச்சு இங்கே வந்து பொருந்துகிறது.

டைமிங் பெல்ட் குறிகள் சரி. ஒரு பல்கூடத் தாண்டவில்லை. பம்பின் தலை நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றி டயல் கேஜ் வைத்துப் பிளஞ்சர் நகர்வைப் பார்த்ததில், நிலையான டைமிங்கும் அந்தப் பம்புக்குரிய அளவில்தான் இருந்தது. நிற்கும்போது சரியான டைமிங், ஓடும்போது தாமதம். அப்படியானால் டைமிங்கை முன்னே தள்ளும் ஏற்பாடு வேலை செய்யவில்லை.

அந்த ஏற்பாடு பம்பின் உடலுக்குள் இருக்கும் டீசல் அழுத்தத்தால் நடப்பது. வேன் பம்ப் உறிஞ்சும் டீசல் பம்பின் உட்கூட்டை நிரப்பும். எஞ்சின் வேகம் ஏற ஏற உள்ளழுத்தம் ஏறும். பொதுவாக ஐடிலில் 3, 4 பார் அளவிலிருந்து உச்ச வேகத்தில் 7 பார் பக்கம் வரை. அந்த அழுத்தம் டைமர் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ரோலர் வளையத்தைத் திருப்பும், டீசல் முன்கூட்டியே தெளிக்கும். உள்ளழுத்தம் எழாவிட்டால் டைமிங் நின்ற இடத்திலேயே நிற்கும். பிளஞ்சர் அறையும் அரைகுறையாகத்தான் நிரம்பும்.

அவுட் போல்ட்

உள்ளழுத்தம் குறையாமல் நிற்பதற்கு ஒரு சின்னப் பொருள் காரணம். பம்பில் டீசல் உள்ளே வரும் பேஞ்சோ போல்ட் (நடுவே துளையுள்ள, பைப்பை இணைக்கும் போல்ட்) ஒன்று, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் பேஞ்சோ போல்ட் ஒன்று. பார்க்க அண்ணன் தம்பி. உள்ளே வருவது தாராளமான துளை உள்ளது. திரும்புவதில் "அவுட்" என்று பொறித்திருக்கும், அதன் துளை சுமார் அரை மி.மீ.தான். அந்த நூலளவு துளைதான் டீசல் ஓடிவிடாமல் தடுத்து உள்ளழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

இந்த வண்டியில் திரும்பு வழிப் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தது. எழுத்தும் இல்லை. 3 மி.மீ. துளை. கழற்றிய போல்ட் எங்கோ விழுந்து தொலைந்திருக்க வேண்டும். அதே மரை உள்ள வேறொரு போல்ட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

போல்ட்டைக் கழற்றாமலேயே சந்தேகத்தை உறுதிசெய்யவும் வழி உண்டு. நாசில்களிலிருந்து வரும் மெல்லிய திரும்பு ஹோஸைப் பிரித்துவிட்டு, பம்பின் திரும்பு வழியை மட்டும் அளவு கேனில் விட்டு ஐடிலில் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். சரியான போல்ட் இருந்தால் கால் லிட்டர் அளவில் மெல்லிசாக வரும். இங்கே நிமிடம் முடிவதற்குள் அரை லிட்டர் கேன் நிறைந்துவிட்டது.

இந்தப் போல்ட் உறிஞ்சும் பாதையையும் கெடுத்தது என்பதுதான் இந்த நிகழ்வின் சுவாரசியமான இடம். வேன் பம்ப் தேவைக்கு அதிகமாக உறிஞ்சும் டீசலைச் சாதாரணமாக ரெகுலேட்டர் வால்வு பம்புக்குள்ளேயே உறிஞ்சு பக்கத்துக்குத் திருப்பிவிடும். டேங்கிலிருந்து புதிதாக வர வேண்டியது எஞ்சின் எரிப்பதும், நூலளவு துளையில் திரும்புவதும் மட்டுமே. துளை பெரிதானால் ரெகுலேட்டர் திறக்கும் அளவுக்கு அழுத்தமே எழாது. உறிஞ்சியது அத்தனையும் டேங்குக்கு ஓடும். அதே அளவு டீசலை மறுபடி டேங்கிலிருந்து இழுக்க வேண்டும். ஏற்கெனவே நாக்குத் தொங்கும் ஹோஸ் வழியாக இரண்டு மடங்கு டீசலை இழுத்தால் என்ன ஆகும்? பழைய குறையைப் புதுக் குறை வளர்த்துவிட்டது.

இரண்டு போல்ட்டையும் இடம் மாற்றிப் போடுவது இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது நூலளவு துளை உள்வழியில் உட்கார்ந்துகொள்ளும். வண்டி நகரும், ஆனால் சமதளத்திலேயே திணறும்.

பெஞ்சில் ஏன் தெரியவில்லை

காலிபரேஷன் தாள் பொய் சொல்லவில்லை. டெஸ்ட் பெஞ்ச் பம்புக்கு டீசலை லேசான அழுத்தத்தோடு ஊட்டும். பம்ப் தூரத்திலிருந்து உறிஞ்ச வேண்டியதில்லை. திரும்பு வழிக்கும் பெஞ்சின் சொந்த இணைப்பையே மாட்டுவார்கள். ஆகவே தொங்கும் ஹோஸும் தவறான போல்ட்டும் பெஞ்சுக்கு வருவதே இல்லை. பெஞ்சில் நன்றாக ஓடும் பம்ப் வண்டியில் ஓடவில்லை என்றால், பம்பை மறுபடி பெஞ்சுக்கு அனுப்பக் கூடாது. பெஞ்சுக்கும் வண்டிக்கும் இடையே என்னென்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் முழு லோடு ஸ்க்ரூவின் பூட்டு நட்டிலும் புதுக் கீறல் இருந்தது. இழுவை இல்லையே என்று யாரோ உள்ளே திருகியிருக்கிறார்கள். டீசல் வராத பம்பில் அதைத் திருகுவதால் பயன் எதுவும் கிடையாது. டீசல் வர ஆரம்பித்ததும் கரும்புகையும் பிஸ்டன் சூடும்தான் கிடைக்கும். பம்ப் கடையில் குறித்திருந்த மரை உயரத்துக்கே ஸ்க்ரூ திருப்பி வைக்கப்பட்டது.

மாற்றியவை

எட்டு மி.மீ. உள்விட்டமுள்ள, டீசலுக்கென்றே தயாரித்த ஹோஸ் இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர். கிளிப் ஆறு, ஹோஸைக் கடிக்காத உருண்டை விளிம்புக் கிளிப், அதையும் அளவாகத்தான் முறுக்க வேண்டும். கை பம்போடு கூடிய ஃபில்டர் தலை ஒன்று. டீசல் ஃபில்டர் ஒன்று. மாட்டும்போது ரப்பர் வளையத்தில் டீசல் தடவி, கையால் மட்டும் இறுக்கியது. "அவுட்" பொறித்த போல்ட் ஒன்று. பேஞ்சோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் செம்பு வாஷர் நான்கு. பழைய வாஷரைச் சுட்டு மறுபடி போடுகிற வழக்கம் உண்டு. உறிஞ்சும் பக்கத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

டேங்கைக் கழுவி, வலைப்பையைத் திரும்ப மாட்டியாயிற்று. வலை அடைக்கிறது என்று வெட்டி எறிந்துவிட்ட டேங்குகள் நிறைய உண்டு. அதன் பிறகு சேறு நேராக ஃபில்டருக்கு வரும், மாதம் ஒரு ஃபில்டர் போகும்.

காற்று எடுக்கும் வேலை: கை பம்பு கெட்டியாகும்வரை அழுத்தி, இரண்டு நாசில் பைப் நட்டைத் தளர்த்திச் சுற்றி, குமிழில்லாமல் டீசல் வந்ததும் இறுக்கினால் போதும். எஞ்சின் ஓடும்போது அந்த நட்டுக்கு நேரே கையைக் கொண்டுபோகக் கூடாது. நாசில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

அளவுகள், ஓட்டம்

ஹோஸ் மட்டும் மாற்றியதும் 3,500 சுற்றில் கேஜ் 7 அங்குலம் காட்டியது. அவுட் போல்ட்டும் சரியானதும் 3. இரண்டு குறைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன என்பதற்கு இந்த 7க்கும் 3க்கும் உள்ள வித்தியாசமே சாட்சி. நிமிடத்துக்குத் திரும்பும் டீசல் கால் லிட்டருக்கு வந்தது. கண்ணாடி ஹோஸில் குமிழி இல்லை.

கம்ப்ரஷனும் பார்த்து வைக்கப்பட்டது. சந்தேகத்தால் அல்ல, இனி வரும் நாளில் ஒப்பிட ஓர் அளவு இருக்கட்டும் என்று. குளோ பிளக்குகளைக் கழற்றி, பம்பின் நிறுத்து சோலனாய்டு வயரைப் பிரித்து, நல்ல பேட்டரியில் சுற்ற வேண்டும். இந்த எஞ்சினுக்குப் புதிதில் சதுர செ.மீ.க்கு 32 கிலோ, கீழ் எல்லை 20, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்குள். கிடைத்தவை 27, 26, 27, 25. 4 லட்சம் கி.மீ. ஓடிய எஞ்சினுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரிங் போயிருக்கும், எஞ்சின் இறக்க வேண்டும் என்று இதற்கு முன் யாரோ சொன்ன ஆலோசனை இதோடு முடிந்தது.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு இருந்த அதே நிலைமையை வைத்தார்கள்: அதே ஆள் எண்ணிக்கை, கால் டேங்க் டீசல், ஆழியாறு செக்போஸ்ட்டிலிருந்து ஏற்றம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முன்பு ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனைக்கு வருவதற்குள் முதல் கியருக்கு இறங்கிவிடும். இப்போது வளைவுகளில் இரண்டாவது, நேர் ஏற்றத்தில் மூன்றாவது. மிதித்துப் பிடித்தால் மெல்லிய கரும்புகை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. டர்போ இல்லாத பழைய எஞ்சினில் அந்த அளவு புகை இருக்கத்தான் வேண்டும். டீசல் வருகிறது என்று பொருள்.

வேறு வண்டிகளில்

தனி ஃபீடு பம்ப் உள்ள இன்லைன் பம்ப் லாரிகளில் இதே தேடலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரை உறிஞ்சல். ஓட்டை இருந்தால் காற்று நுழையும். ஃபீடு பம்பிலிருந்து பெரிய பம்ப் வரை அழுத்தம். ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும். ஃபில்டர் அங்கே அழுத்தப் பக்கத்தில் இருப்பதால் வாக்குவம் கேஜுக்குப் பதில் அழுத்தக் கேஜ் வேண்டும். டர்போ வண்டியில் புகையில்லாத இழுவைக் குறைவு என்றால், டர்போவிலிருந்து பம்பின் மேல்மூடிக்கு வரும் சின்னக் காற்றுக்குழாயையும் பார்க்க வேண்டும். அது வெடித்திருந்தால் பம்பு காற்றழுத்தம் ஏறவில்லை என்று எண்ணி டீசலைக் குறைத்தே கொடுக்கும்.

டேங்க் கழுவி, ஹோஸ் மாற்றிய வண்டியில் பைப் சுவரில் ஒட்டியிருந்த மிச்சச் சேறு முதல் ஆயிரம் கி.மீ.க்குள் ஃபில்டருக்கு வந்து சேரும். ஆகவே இந்த வண்டிக்கு 1,000 கி.மீ.யில் ஃபில்டரை ஒருமுறை மாற்றி, கழற்றியதை வெட்டித் தாளை விரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. பழுப்புச் சேறு என்றால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை. கறுப்பு ரப்பர்த் துகள் என்றால் எந்த ஹோஸ் உதிர்கிறது என்று தேட வேண்டும். பளபளக்கும் இரும்புத் தூள் என்றால் பம்ப் உள்ளே தேய்ந்து, அந்தத் தூள் திரும்பு வழியாக டேங்குக்கு வருகிறது. தாளில் கறுப்பு மட்டும் படிந்து துகள் எதுவும் இல்லையென்றால் வழக்கமான இடைவெளிக்குத் திரும்பிவிடலாம்.